பலகைமேல் வைத்த பெட்டி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. நீ படம் அனுப்பியிருக்கும் அந்தச் சின்ன ஹோம் தியேட்டர் செட்டை வாங்காதே. பாப்பாவின் பிறந்தநாளுக்கு அது வேண்டாம். அவளைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அடுத்த மாதம் பிறந்தநாள் முடியட்டும் என்று தள்ளி வைக்காதே, இந்த வாரமே போ. நம் மகிழினிக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இன்று நேற்று வந்த நினைப்பில்லை இது. தை மாதத்திலிருந்து நினைக்கிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் வாயை நான் நம்புவதில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த வாயை வைத்துத்தான் பொருள் விற்றேன், உன்னைப் படிக்க வைத்தேன். எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் வாடினால் போதும், தேறுதலாக நாலு வார்த்தை எனக்குத் தானாக வந்துவிடும். நீ குரல் உடைந்து, "என்னப்பா சொல்றீங்க" என்று கேட்டால், "ஒண்ணும் இருக்காதுடா, சும்மா ஒரு தடவ காட்டிடு" என்று முடித்துவிடுவேன். நீயும் சரி என்று உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். எழுதினால் அப்படிப் பின்வாங்க முடியாது. ஆகவே பொறுமையாகப் படி. முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் பாப்பா விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகப் பேசுவது உனக்குப் புரியும்.

இந்தச் சின்ன செட்டுகளில் உள்ளங்கையில் அடங்குகிற ஐந்து பெட்டிகள் இருக்கும். தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி இருக்கும், அதை ஊஃபர் என்போம். இடி, வெடி, தாளத்தின் அடி எல்லாம் பெரியதில் வரும். சலங்கை, கண்ணாடி உடைவது மாதிரியான சத்தங்கள் சின்னதில் வரும். மனுஷன் பேசுகிற குரல் இருக்கிறதே, அது இரண்டுக்கும் நடுவில். சின்னப் பெட்டிக்கு அதைத் தாங்க உடம்பு போதாது, பெரிய பெட்டிக்கு அவ்வளவு நயம் கிடையாது. குரல் நடுவில் மெலிந்துபோகும். படத்தில் ஒரு வீடு இடிந்து விழுவது உன் நெஞ்சில் வந்து மோதும், அந்த வீட்டுக்காரி என்ன சொல்லி அழுகிறாள் என்பது விளங்காது. விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவாய், அடுத்த இடிக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டுவார். அட்டைப்பெட்டிமேல் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை நம்பாதே, அதை அச்சடிக்கிறவனுக்குக் கை ரொம்பத் தாராளம். பின்பக்கம் வைக்க வேண்டிய இரண்டு பெட்டிகளுக்கு ஒயர் இழுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நான் மாட்டிக் கொடுக்கப் போன பல வீடுகளில் அவை டிவிக்கு இரண்டு பக்கமும் காவல் தெய்வம் மாதிரி உட்கார்ந்திருக்கும். எல்லாச் செட்டும் குப்பை என்று சொல்ல வரவில்லை. சின்ன அறை, படம் பார்க்கிற பழக்கம், பெரிதாக வாங்க இடமில்லை என்றால் வாங்கலாம். அதற்கு ஒரே ஒரு சோதனைதான். கடைக்காரன் போடும் பாட்டைக் கேட்காதே. செய்தி வாசிப்பதைப் போடச் சொல், சத்தத்தைக் குறைக்கச் சொல், கொஞ்சம் தள்ளி நின்று வார்த்தை வார்த்தையாக விளங்குகிறதா என்று பார். என்னிடம் அப்படி ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் கடை எப்போதோ மூடியிருக்கும்.

கேட்கத் தோன்றாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலாக இருந்தது. அப்போதெல்லாம் நம் காரைக்காலில் வரி குறைவு. நாகப்பட்டினம், மாயவரம், திருவாரூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் காரை எடுத்துக்கொண்டு வருவார்கள். பெட்டியை டிக்கியில் போட்டு, மேலே ஒரு போர்வையால் மூடி, செக்போஸ்ட் தாண்டும்வரை மூச்சுவிடாமல் போவார்கள். மீன் நன்றாகப் பட்ட வாரங்களில் கிளிஞ்சல்மேடு, கருக்களாச்சேரிப் பக்கத்துக் கடல்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கடையின் உள்ளறையில் முதலாளி ஒரு மேடை போட்டிருந்தார். கட்டை அடித்து, மேலே பலகை பரப்பி, உள்ளே வெற்றிடமாக விட்ட மேடை. ஊஃபரும் அதன்மேல்தான் இருக்கும், வந்தவர்களையும் அதன்மேல்தான் நிற்க வைப்போம். பெட்டி அதிர்ந்தால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் நிற்கிறவன் முழங்கால் வரைக்கும் ஏறும். "காலுல ஏறுனா தலைக்கு ஏறிடும், நீ பேசவே வேணாம்" என்று முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். நீயும் பள்ளிக்கூட லீவில் வந்து அந்தப் பலகையில் நின்று குதித்திருக்கிறாய். சிமெண்டுத் தரை போட்ட தன் வீட்டில் கொண்டுபோய் வைத்தால் பாதி சத்தம் காணாமல் போகிறதே என்று வாங்கினவன் குழம்புவான். ஒயரைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்புவோம்.

ஒரு தடவை கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் விற்கிற ஒரு அம்மா வந்தார். காது மந்தம். டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை, நல்ல சத்தமாக ஒன்று வேண்டும் என்று கேட்டார். நான் அவரைப் பலகைமேல் நிற்க வைத்தேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஆமாம்பா, கேக்குது, நல்லா கேக்குது" என்றார். விற்றுவிட்டேன். எட்டாம் நாள் மீன் கூடையோடு கடை வாசலில் வந்து நின்றார். "டுப்பு டுப்புன்னு நெஞ்சுல குத்துது தம்பி, அவ என்ன சொல்லி அழுவுறான்னுதான் வெளங்கல" என்றார். இரண்டு வாடிக்கையாளர்கள் உள்ளே இருந்தார்கள். "ஒயர சரியா மாட்டிருக்க மாட்டீங்க, வீட்டுல பசங்கள வுட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று அதட்டி அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு அதிர்வது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. இரண்டும் வேறு என்று அன்றைக்கே எனக்குப் பாடம் நடந்துவிட்டது. படித்ததை வீட்டில் வந்து மறந்தேன்.

எல்லா ஊருக்கும் ஒரே வரி என்றான பிறகு வெளியூர் கார்கள் வருவது நின்றுபோனதும், கொஞ்ச நாளில் கடையே நின்றுபோனதும் உனக்குத் தெரியும். மேடையைப் பிரித்தபோது அதில் ஒரு பகுதியையும், மிஞ்சிக் கிடந்த ஒரு செட்டையும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கூடத்தில் டிவிக்குக் கீழே இப்போதும் இருக்கிறதே, அதுதான். கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி கொடுத்தார். உன் அம்மா அன்றைக்கு என்னைப் பேசாத பேச்சில்லை.

இப்போது பொங்கல் சமயத்தில் நடந்ததற்கு வருகிறேன். நீங்கள் மூன்று பேரும் வந்து ஆறு நாள் இருந்தீர்கள். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. மாட்டுப் பொங்கல் அன்று காலையில் நீ மாடுகளைக் குளிப்பாட்டப் போயிருந்தாய். கயல் கூட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் கத்தியை வைத்துவிட்டு, குனிந்தபடியே கேட்டாள்: "மாமா, பாப்பா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. அவரு வெளயாட்டு கவனம்ங்குறாரு. எங்கம்மா, ஒங்கப்பன் குடும்பத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்கங்குது. எனக்கென்னமோ பயமா இருக்கு மாமா. நீங்க என்ன நெனைக்கிறீங்க?" அவள் என் தங்கை பெண். மூன்று வயதிலிருந்து என் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வந்தவள். புருஷன் உன்னிடமும் தன் அம்மாவிடமும் கேட்டுப் பதில் கிடைக்காமல் என்னிடம் வந்திருந்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வா, டாக்டரிடம் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவளுக்கு டெமோ காட்டினேன். "இங்க வாம்மா" என்று கூடத்துக்குக் கூட்டி வந்தேன். பாப்பா பலகைமேல் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டம்ளருக்குள் டம்ளரைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். செட்டைப் போட்டு ஊஃபரைத் திருகிவிட்டேன். முதல் அடி விழுந்ததும் குழந்தை சட்டென்று திரும்பினாள், சிரித்தாள், இரண்டு கையையும் பெட்டிமேல் வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டினாள். "பாத்தியா? காது கேக்காத புள்ளையா ஆடும்?" என்றேன். கயலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாடா" என்று சொல்லிவிட்டுப் போய் மீதிக் காயை நறுக்கினாள். என் வாழ்நாளில் நான் செய்த கடைசி வியாபாரம் அதுதான். வேண்டுமென்றே செய்யவில்லை, அந்த நிமிஷம் நானும் நம்பினேன். ஆனால் நம்பினேன் என்பது ஒரு சமாதானம் ஆகாது. அன்று முதல்தான் நீயும் அவளும், "பாப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு" என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், நீயும் கயலும் அத்தை வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தீர்கள். பொங்கல் பானைகளைக் கழுவிக் கவிழ்க்க உன் அம்மா அந்தப் பலகையைக் கொல்லைக்கு எடுத்துப் போய்விட்டாள். தரையில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, ஊஃபரை அதன்மேல் வைத்திருந்தாள். பாப்பா தூங்கி எழுந்து வந்து, எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்து விளையாடினாள். பேத்தி ஆடுவதைப் பார்க்கலாம் என்று நான் பாட்டைப் போட்டேன். திரும்பவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். திரும்பவில்லை. இன்னும் கூட்டினேன். கொல்லையிலிருந்து உன் அம்மா, "ஏங்க, தெருவே எழுந்து வரும் போலருக்கு, கொறைங்க" என்று கத்தினாள். பாப்பா டம்ளருக்குள் டம்ளரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பானைகளை இறக்கிவிட்டுப் பலகையைத் திரும்பக் கொண்டு வந்தேன். அவளைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தேன், ஊஃபரை வைத்தேன், போட்டேன். திரும்பினாள், சிரித்தாள். ஊஃபரை மட்டும் அணைத்துவிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் கழற்றி அவள் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரு பெண் குரல் உச்சத்தில் பாடுகிற இடத்தை வைத்தேன். ஒன்றுமில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கத்தினேன். என் குரல் உடைந்ததில் உன் அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றாள். குழந்தை எங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள். பாப்பா இத்தனை நாளும் கேட்டு ஆடவில்லை, உட்காருமிடத்தில் ஏறிய அதிர்வுக்கு ஆடினாள். உன் ஃபிளாட்டில் அவள் ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு ஆடுகிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகச் சொன்னாயே, அதுவும் இதுதான்.

மறுநாள் உங்களை ரயிலேற்றிவிட்டு வந்தேன். பிளாட்பாரத்தில் சொல்லியிருக்கலாம். அதற்கு முதல் நாள் சாயங்காலம் நீ வீடு திரும்பியபோதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு உன் சின்னத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவர் கதை அரைகுறையாகத்தான் தெரியும். என் அப்பாவின் தம்பி அவர், வாய் பேசாதவர். ஊர் அவரை ஊமையன் என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார், அதை ரோஷம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கோயில் திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் போய் நின்று, தவிலின்மேல் விரலை வைத்துக்கொண்டு சிரிப்பார். "பேச்சுதான் வரல, காது பாம்புக் காது" என்று என் அப்பா சொல்வார். அதனாலேயே, சொன்னதைச் செய்யாதபோது திமிர் என்று சொல்லி அடிப்பார். ஒரு அறுவடையில் நெல்மூட்டை ஏற்றிய லாரி களத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா முதுகைக் காட்டி நின்று தூற்றிக்கொண்டிருந்தார். "ஆரன் அடிச்சுகிட்டேதாங்க வந்தேன், நவுரலங்க" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிடிவாதத்தில் செத்தான் என்று பதினாறாம் நாள் காரியத்தில்கூடப் பேசிக்கொண்டார்கள். அவருக்குக் காதே கேட்காது என்று நம் குடும்பத்தில் ஒருவர்கூட ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே அது அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எனக்கு வயது அறுபத்தேழு.

இனி உன் கல்யாண விஷயம். நீ ஒரே ஒரு தடவை சொன்னாய்: "அப்பா, ரத்த சம்பந்தத்துல வேணாம்னு சொல்றாங்கப்பா, கொழந்தைக்கு ஏதாவது வரும்ங்குறாங்க." நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "ஒங்க தாத்தாவும் ஆயாவும் சொந்தந்தான், நான் என்ன நொண்டியா, மொடமா?" என்றேன். அப்போதும் நீ தயங்கியதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தங்கை உறவு விட்டுப்போகக் கூடாது, அவளுடைய ரெண்டு மா நிலமும் நம்முடையதும் அடுத்தடுத்து இருக்கிறது, வரப்பை எடுத்துவிடலாம். இதுதான் என் கணக்கு. கயல் நல்ல பெண். நீங்கள் இருவரும் ஒற்றுமையாக இருக்கிறீர்கள். அது உங்கள் நல்ல குணம், அதில் எனக்குப் பங்கு கிடையாது. நம் வீட்டில் ஒரு மனுஷன் ஊமையாகப் பிறந்து ஊமையாகவே செத்தார் என்று தெரிந்திருந்தும், அவரைக் கணக்கில் சேர்க்காமல் உங்கள் இருவரையும் மணையில் உட்கார வைத்தேன். இதனால்தான் பாப்பாவுக்கு இப்படி ஆனதா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, வேறு காரணமாகவும் இருக்கலாம். இதனாலேயே இருந்துவிட்டால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் அம்மாவும் கூட்டு. பத்து நாள் கழித்து நான் பேச்செடுத்தபோது, "வாயக் கழுவுங்க. அந்தச் சின்ன மாமனாரு பேர இந்தப் புள்ளைக்கு எடுக்காதீங்க. ஆறு மாசம் பொறுங்க, தானா பேசும்" என்றாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். சிவராத்திரிக்கு நீங்கள் வந்தபோது வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்துப் பாப்பா நாக்கில் தடவினாளே, அது எதற்காக என்று உங்களுக்குச் சொல்லவில்லை. கோளாறு நாக்கில் இல்லை என்று தெரிந்த நான் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். காதில்லாமல் வாய் எங்கேயிருந்து வரும்?

மாசி கடைசியில் மனது கேட்காமல் இங்கே ஒரு காது டாக்டரிடம் போனேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு விசாரிக்கிறேன் என்று பொய் சொன்னேன். "கூப்பிட்டா திரும்புதா?" என்று கேட்டார். "தரை அதிர்ந்தா திரும்புதுங்க" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "அது கேக்குறது இல்லங்க பெரியவரே, ஒடம்புல படுறது. எத்தனை மாசம் ஆகுது?"

"பத்தொம்பது, இருவது இருக்கும்."

"பொறந்தப்ப காது டெஸ்ட் எடுக்கலையா?"

எடுத்தார்கள், தம்பி. ஆனி மாதம் இங்கே பிரசவம் ஆனபோது காதில் ஏதோ மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று சீட்டு கொடுத்தார்கள். "ஆடி மாசத்துல பச்சப் புள்ளையத் தூக்கிகிட்டு அலைய வேணாம்" என்று சொன்னதும் நான்தான். டாக்டரிடம் தெரியவில்லை என்றேன். "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். "விசாரிச்சு சொல்றேங்க" என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. "யாரு புள்ளையா வேணா இருக்கட்டும். ஒடனே கூட்டியாரச் சொல்லுங்க. மெஷின் இருக்கு, ஆபரேஷன் இருக்கு, பயிற்சி இருக்கு, இன்னிக்கு வழி இல்லாம இல்ல. ஆனா புள்ள பேச்சப் புடிச்சுக்குற வயசு இது. தள்ளிப் போடப் போட கஷ்டம்" என்றார். ஃபீஸ் வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே வந்து மருந்துக்கடை நிழலில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்திருந்தால் இந்த அழுகைக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தினமும் தெரிந்துதான் மறைத்தோம். அந்த டாக்டர் சொன்ன வயதில் மூன்று மாதத்தை நான் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன். நிலத்தை விற்றாலும் அதை வாங்கித் தர எனக்கு வழியில்லை. இதற்காக என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ இருக்கும் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. லீவு போட்டுவிட்டுப் போ. சொந்தத்தில் கல்யாணம் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடு. சின்னத் தாத்தாவைப் பற்றியும் சொல். பிறந்தபோது திரும்ப வரச் சொன்ன டெஸ்ட்டுக்குப் போகவில்லை என்பதையும் மறைக்காதே. குழந்தை பாட்டுக்கு ஆடுகிறாளே என்று யாராவது தேறுதல் சொன்னால், அவளை மெத்தைமேல் உட்கார வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல். நான் பார்த்தது தப்பாக இருந்து, டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் இந்தக் கிழவனை ஆயுசுக்கும் திட்டிக்கொள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்தது தப்பில்லை. டாக்டர்கள் உறுதியாகச் சொன்னபிறகு, மற்ற வீட்டுப் பிள்ளை பேசுவதைப் பார்த்து நீ ஒடிந்துபோகும் நாட்கள் வரும். அப்போது யாரிடமாவது கோபத்தைக் காட்டத் தோன்றும். கயலிடம் காட்டிவிடாதே. அவள்தான் நம் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தவள். பெற்றவளின் பயத்தை ஒரு பாட்டைப் போட்டு நான் அமுக்கிவிட்டேன். காட்ட வேண்டிய இடம் இங்கே காரைக்காலில் இருக்கிறது, ரயிலேறி வந்து காட்டு.

முதலில் இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்கு அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன், கயல் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. கவரில் விலாசம் எழுதும்போதே அசிங்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன். வீட்டுக்கே அனுப்புகிறேன். நீ ஒளித்துப் படிக்காதே, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் எங்களுக்குப் போன் போடுகிறாள். பாப்பா காதில் போனை வைத்து, "தாத்தா பேசுறாங்க பாரு" என்கிறாள். நான் பேசுகிறேன். "சாப்டியாடி செல்லம், தாத்தா வரட்டுமா" என்று கேட்கிறேன். "சிரிக்கிறா மாமா, நீங்க பேசுனாத்தான் இப்புடி சிரிக்கிறா" என்று கயல் சொல்கிறாள். குழந்தை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலு மாதமாக, யாருக்கும் கேட்காத ஒரு பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறேன். நேற்றும் பேசினேன். இந்தக் கடிதம் வந்து சேர்கிற அன்றைக்குப் போனைப் பாப்பா காதில் வைக்க வேண்டாம் என்று கயலிடம் சொல். அவள் தன் காதிலேயே வைத்துக்கொள்ளட்டும். நான் அவளிடம்தான் பேச வேண்டும்.

உன் அப்பா